இணைய வானொலியில் எது உங்களுக்குப் பொருந்தியது? திருகோணமலை அனுபவங்கள்

உப்புவெளி, தையற்கடை நடத்துபவர்:

கடை திறந்ததிலிருந்து பூட்டும் வரை எங்களிடம் பாட்டு ஓடிக்கொண்டே இருக்கும். பழைய எஃப்.எம். பெட்டி பழுதான பிறகு கைபேசியும் ஒரு சிறிய ஸ்பீக்கரும்தான். நாள் முழுக்கக் கேட்பவர் முதலில் பார்க்க வேண்டியது டேட்டாவை. நொடிக்கு 128 கிலோபிட் அளவில் வரும் ஒலி, மணிக்கு ஏறத்தாழ 58 எம்.பி. எடுக்கும். 64 கிலோபிட் என்றால் 29. 320 என்றால் 144. பத்து மணி நேரக் கடைக்கு இதைப் பெருக்கிப் பாருங்கள். மாதக் கடைசியில் வித்தியாசம் கையைக் கடிக்கும்.

64 என்றதும் பாட்டு கரகரக்கும் என்று பயப்பட வேண்டாம். ஒலியைச் சுருக்கி அனுப்பும் பழைய எம்.பி.3 முறையில் அந்த அளவு போதாதுதான். ஆனால் ஏ.ஏ.சி. பிளஸ் என்ற புதிய முறையில் அனுப்பும் நிலையங்கள் அதே 64இல், தையல் இயந்திரத்தின் சத்தத்தையும் தாண்டித் தெளிவாகக் கேட்கின்றன.

வானொலி கேட்கும் செயலிகளில் மூன்றைப் பயன்படுத்தியிருக்கிறேன். ரேடியோ கார்டன் 2016இல் நெதர்லாந்திலிருந்து வந்தது. பூமி உருண்டையைச் சுழற்றிப் பச்சைப் புள்ளியைத் தொட்டால் அந்த ஊரின் வானொலி பாடும். ஊர் ஊராகத் தேடிக் கேட்க அதைப்போல் இன்னொன்றை நான் காணவில்லை. டியூன்இன் பட்டியல் மிகப் பெரிது. பேச்சு, விளையாட்டு எல்லாம் உண்டு. கடைக்கு நான் வைத்துக்கொண்டது ரேடியோ-பிரவுசர் பட்டியலைக் கொண்டு இயங்கும் ரேடியோட்ராய்ட். அந்தப் பட்டியல் பொதுமக்களே சேர்த்தது, இலவசம். ஒவ்வொரு நிலையத்துக்கும் பக்கத்தில் கிலோபிட் அளவும் ஒலி முறையும் எழுதியிருக்கும். ஒரே நிலையம் இரண்டு மூன்று அளவுகளில் இருந்தால் சிறியதைத் தேர்ந்துகொள்ளலாம்.

நிலாவெளி, ஓய்வுபெற்ற ஆசிரியர்:

தங்கச்சி டேட்டாவைச் சொன்னார். நான் பாட்டைத் தேர்ந்தெடுப்பவரைப் பற்றிச் சொல்கிறேன்.

திருச்சி வானொலியை 936 கிலோஹெர்ட்ஸில் இரவில் பிடித்துக் கர்நாடக இசை கேட்டு வளர்ந்தவன் நான். மாரி காலத்தில் மின்னல் வெட்டும்போதெல்லாம் நல்ல கட்டத்தில் தனி ஆவர்த்தனம் இரைச்சலில் மூழ்கிவிடும். இப்போது ஆகாசவாணியின் ராகம் அலைவரிசை 24 மணி நேரமும் செயலியில் கிடைக்கிறது. 2016 ஜனவரி 26இல் தொடங்கியது. கர்நாடக இசையும் இந்துஸ்தானியும் மாறி மாறி வரும்.

பாட்டை நாமே தேடிக் கேட்கும் பெரிய சேவைகளிலும் இந்தக் கீர்த்தனைகள் இருக்கின்றன. ஆனால் அங்கே ராகம், தாளம், பாடியவர், வயலின், மிருதங்கம் என்று வரிசையாக யார் சொல்கிறார்கள்? பாடியவரின் பெயர் மட்டும் திரையில் இருக்கும். பக்கவாத்தியக்காரர் பல நேரங்களில் காணாமல் போய்விடுவார். ஆலாபனை ஒரு துண்டாகவும் கீர்த்தனை இன்னொரு துண்டாகவும் பிரிந்து கிடக்க, நடுவே வேறு யாரோ பாடிவிடுவார். வானொலியில் அறிவிப்பாளர் முழு விவரத்தையும் சொல்லிவிட்டு ஒதுங்கிக்கொள்கிறார். மிருதங்கம் வாசித்தவரின் பெயரைக் கேட்ட பிறகு அந்தக் கச்சேரியை நான் கேட்கும் விதமே வேறாகிவிடுகிறது. என் பேரப்பிள்ளைகளுக்கு இசை சொல்லிக்கொடுக்க இதைவிட நல்ல துணை எனக்குக் கிடைக்கவில்லை.

ஒன்றை மட்டும் கவனியுங்கள். இணையத்தில் வருவது நேரலையே ஆனாலும் பின்தங்கித்தான் வரும். சில நிலையங்களில் அரை நிமிடம் வரை போகும். அதில் ஒலிக்கும் நேர அறிவிப்பை வைத்துக் கடிகாரத்தைத் திருத்த முடியாது.

ஜெர்மனியின் டாய்ச்ச வெல்ல வானொலி ஆசியா முழுமைக்கும் சிற்றலையில் அனுப்பிய மறு ஒலிபரப்பு நிலையம் ஒன்று நம் மாவட்டத்தில்தான் இருந்தது. வானொலியோடு இந்த ஊருக்கு இருக்கும் உறவு பெரிது. இளையவர்களும் அதை அறிந்திருக்க வேண்டும்.

கின்னியா, அடிக்கடி இரவு ரயிலில் போகிறவர்:

கொழும்புக்குப் போகும் இரவு ரயிலில் நேரலை வானொலி நம்பத்தக்கதல்ல. கல்ஓயா சந்தியை நெருங்கும் காட்டுப் பாதையில் சிக்னல் விட்டு விட்டு வரும். சேமித்து வைத்திருக்கும் சில நொடி ஒலி தீர்ந்ததும் பாட்டு நின்றுவிடும். அந்தப் பயணத்துக்கு, முன்கூட்டியே இறக்கி வைக்கும் பாட்டுகள்தான். ஸ்பாட்டிஃபை 2021இல் இலங்கைக்கு வந்தது. இறக்கி வைக்கும் வசதிக்குச் சந்தா கட்ட வேண்டும்.

அமெரிக்காவில் இருக்கும் மாமா பண்டோரா என்ற இணைய வானொலியைப் போடச் சொன்னார். அது அமெரிக்காவுக்கு வெளியே இயங்காது. ஆஸ்திரேலியாவிலும் நியூசிலாந்திலும் இருந்த சேவையைக்கூட 2017இல் நிறுத்திவிட்டார்கள். ஆகவே வெளிநாட்டு உறவினர் பரிந்துரைத்தால், இங்கே கிடைக்குமா என்று முதலில் பார்த்துக்கொள்ளுங்கள்.

திருகோணமலை நகரம்:

இதற்கு நேர்மாறான அனுபவம் எங்கள் வீட்டில். லண்டனில் இருக்கும் அக்காவுக்கு இங்குள்ள தமிழ் வானொலியில் பிறந்தநாள் வாழ்த்து ஏற்பாடு செய்திருந்தோம். ரேடியோ கார்டனில் கேட்கச் சொன்னேன்; அவருக்கு ஒலிக்கவே இல்லை. பிரிட்டனுக்குள் இருப்பவர்களுக்கு அது 2022 முதல் பிரிட்டன் நிலையங்களை மட்டுமே தருகிறது. டியூன்இன் மீது இசை நிறுவனங்கள் தொடுத்த வழக்கில் 2019இல் அங்கே தீர்ப்பு வந்ததிலிருந்து, அந்நாட்டில் உரிமம் இல்லாத வெளிநாட்டு நிலையங்களுக்கு இணைப்புத் தருவது சட்டச் சிக்கலாகிவிட்டது. கடைசியில் நிலையத்தின் சொந்த இணையதளத்தைத் திறந்தார். வாழ்த்து முழுவதையும் கேட்டார். புலம்பெயர்ந்த சொந்தங்களுக்கு இனி நான் அனுப்புவது அந்த முகவரியைத்தான்.

உப்புவெளி, தையற்கடை நடத்துபவர்:

ஐயா, ராகம் அலைவரிசையை மதியத்துக்குப் பின் கடையில் வைக்கிறேன். நகரத்திலிருந்து எழுதியவருக்கு: அந்த நிலையம் ரேடியோ-பிரவுசரில் இல்லையென்றால் நீங்களே சேர்க்கலாம். பெயர், ஒலி ஓடும் இணைப்பு, நாடு, மொழி ஆகியவற்றைக் கொடுத்தால் போதும். மொழி என்ற இடத்தில் தமிழ் என்று மறக்காமல் குறிப்பிடுங்கள். பலர் அப்படித்தான் தேடுகிறார்கள்.