அப்பாவுக்கு கம்ப்யூட்டர்ல ஆடியோபுக்: கரண்ட் போனா விட்ட இடம் போயிடுது, என்ன சாஃப்ட்வேர் போடலாம்?

நெல்லைக்காரி:
எல்லாருக்கும் வணக்கம். எங்க அப்பா ரிட்டயர்டு தமிழாசிரியர், 71 வயசு. க்ளாக்கோமால ரெண்டு கண்ணும் போயி இப்ப வெளிச்சம் நிழல் மட்டுந்தான் தெரியுது. பார்வை இல்லாதவங்களுக்கான ஆன்லைன் லைப்ரரி சுகம்ய புஸ்தகாலயால மெம்பர்ஷிப் வாங்கிட்டோம், புக் டவுன்லோடு பண்ணா டெய்சினு ஒரு ஜிப் இறங்குது, பிரிச்சா உள்ள அறுபது எம்பி3, கூடவே ஸ்மில்னு முடியுற ஃபைல் ஒரு குவியல், அது எதுக்குனு புரியாம டெலீட் பண்ணிட்டு எம்பி3 மட்டும் ஒரு மீடியா ப்ளேயர்ல வரிசையா போட்டு விட்டுட்டு நான் ஆபீஸ் போயிடுவேன். நடுவுல கரண்ட் போயி வந்தா பக்கத்து வீட்டு பையன் வந்து ஆன் பண்ணி விடுவான், அவன் முதல்ல இருந்து போட்டு விட்டுருவான். நேத்து ஒரே அத்தியாயத்தை மூணு தடவை கேட்டுருக்காங்க. "பரவால்லம்மா, மனப்பாடம் ஆயிட்டு"னு சிரிக்காங்க, எனக்குத்தான் மனசு கேக்கல.

இன்னொண்ணு, அப்பாகிட்ட படிச்ச ஒருத்தர் கொஞ்சம் பிடிஎஃப் அனுப்பிருக்காரு. அதை கம்ப்யூட்டரை படிக்க வச்சா தமிழே வரல, ஏதோ இங்கிலீஷ் எழுத்தா உளறுது. விண்டோஸ் 10, பழைய டெஸ்க்டாப். என்ன பண்ணலாம்?

சும்மாஒருகருத்து:
எதுக்கு கம்ப்யூட்டர்? ஒரு ஸ்மார்ட்போன் வாங்கி குடுங்க, வேலை முடிஞ்சுது.

நெல்லைக்காரி:
குடுத்து பாத்தாச்சுங்க. டச் ஸ்க்ரீன்ல விரல் எங்க படுதுனே தெரியல, ரெண்டு தடவை யாருக்கோ கால் போயிட்டு, அதோட தொட மாட்டேங்காங்க. ஆனா அப்பா டைப்ரைட்டிங் ஹையர் முடிச்சவங்க, கீபோர்டுல விரல் தானா போகும்.

கீபோர்டுதான்_கண்ணு:
சகோதரி, நான் பிறவியிலேயே பார்வை இல்லாதவன், மதுரைல பேங்க் வேலை. டைப்ரைட்டிங் ஹையர்னு சொன்னீங்க பாருங்க, பாதி பிரச்சினை அங்கயே தீந்துது.

முதல்ல அந்த ஸ்மில் ஃபைலை டெலீட் பண்ணாதீங்க. டெய்சிங்கறது பார்வை இல்லாதவங்களுக்கான ஆடியோபுக் ஃபார்மட், அதோட எலும்பே இந்த ஸ்மில்தான், எந்த தலைப்பு எந்த எம்பி3ல எத்தனாவது செகண்டுல ஆரம்பிக்குதுன்னு அதுலதான் இருக்கு, அதை எடுத்துட்டா பைண்டிங் பிரிஞ்ச புஸ்தகம் மாதிரி வெறும் தாளா கிடக்கும். ஒரு காலத்துல இதுக்கு ஏமிஸ்னு ஒரு சாஃப்ட்வேர் எல்லாரும் வச்சிருந்தோம், அதை இப்ப யாரும் மெயின்டெயின் பண்றதில்ல. தோரியம் ரீடர் போடுங்க, பாரிஸ்ல இருக்குற ஈடிஆர்லேப்னு ஒரு அமைப்பு குடுக்குறது, காசு கிடையாது. ஜிப்பை பிரிக்காம அப்படியே இம்போர்ட் பண்ணுங்க. விட்ட இடத்தை அதுவே ஞாபகம் வச்சுக்கும், தலைப்பு தலைப்பா தாவலாம். இதே சாஃப்ட்வேர்ல ஈபப்னு வர்ற ஈபுக்கும் ஓடும்.

இப்ப ஒண்ணு கேக்குறேன், தப்பா எடுத்துக்காதீங்க. நீங்க போட்டு விட்டுட்டு ஆபீஸ் போறீங்க, சரி. நிறுத்துறது யாரு? ஐயாவுக்கு ஒரு போன் வந்தா, பாத்ரூம் போகணும்னா, இந்த அத்தியாயம் போர் அடிக்குதுனு தாண்டிப் போகணும்னா? எங்க வீட்டுல எனக்கு பன்னெண்டு வயசு வரைக்கும் இப்படித்தான் ரேடியோ போட்டு விடுவாங்க, ஸ்டேஷன் மாத்தக்கூட அண்ணன் வரணும். அந்த கடுப்பு எனக்கு இன்னும் இருக்கு.

அதனால சாஃப்ட்வேர் ஒண்ணு இல்ல, ரெண்டு வேணும். என்விடிஏ ஸ்க்ரீன் ரீடர் போடுங்க, ஸ்க்ரீன்ல இருக்குறதை வாய்விட்டு படிக்குற சாஃப்ட்வேர், அதுவும் இலவசம், ஆஸ்திரேலியால பார்வையில்லாத ஒருத்தர் 2006ல ஆரம்பிச்சு, பார்வையில்லாத இன்னொருத்தரும் சேந்து வளத்தது, மெனு எல்லாம் தமிழ்லயே வச்சுக்கலாம். லாகின் ஆனதும் தானா ஸ்டார்ட் ஆகுற மாதிரி டிக் போட்டுருங்க, எப்பயாவது நின்னு போனா கன்ட்ரோல் ஆல்ட் என். குரலுக்கு விண்டோஸ் செட்டிங்ஸ்ல ஸ்பீச் போயி தமிழ் வாய்ஸ் சேருங்க, அந்த குரலுக்கு பேரே வள்ளுவர், ஐயாவுக்கு பிடிக்கும். அப்புறம் என்விடிஏல இன்சர்ட் கன்ட்ரோல் எஸ் அடிச்சு விண்டோஸ் ஒன்கோர் வாய்ஸ்னு மாத்திக்கணும். ஐயாவுக்கு முதல் நாள் சொல்லிக் குடுக்க வேண்டியது ஒரே ஒரு கீ: கன்ட்ரோல். அதை தட்டுனா என்விடிஏ வாயை மூடிக்கும். மெஷினை அடக்க தெரிஞ்சுட்டா பயம் போயிடும், மத்ததெல்லாம் தன்னால வரும். ஆனா ஒண்ணு, அது ஸ்க்ரீன் ரீடரை மட்டும்தான் நிறுத்தும், ஓடிட்டு இருக்குற ஆடியோவை தோரியத்துலதான் நிறுத்தணும், இந்த வித்தியாசத்தை முதல்லயே சொல்லிருங்க, நான் தெரியாம ஒரு வாரம் குழம்புனேன். தோரியத்தோட ஷார்ட்கட் எல்லாம் செட்டிங்ஸ்லயே மாத்திக்கலாம், அவர் விரலுக்கு தோதா வச்சுக் குடுங்க.

தடவுனா தெரியுற மாதிரி இன்சர்ட் கீ மேல எம்சீல் ஒரு கடுகு அளவு ஒட்டுங்க. ஸ்டிக்கர் பொட்டு ஒட்டாதீங்க, ரெண்டு நாள்ல விரல்ல வந்துரும்.

பனைமரத்தடி:
வணக்கம், நான் யாழ்ப்பாணம். உங்கட பிடிஎஃப் பிரச்சினை எனக்கு நல்லாத் தெரியும், எங்கட பக்கம் இருக்கிற பழைய கோப்பு முக்கால்வாசி அப்பிடித்தான். அது யூனிகோட், அதாவது எல்லாக் கணினிக்கும் பொதுவான எழுத்துமுறை இல்லை, பாமினி மாதிரி ஒரு பழைய எழுத்துருவில அடிச்சிருப்பினம். கண்ணுக்கு அம்மா எண்டு தெரியும், ஆனால் உள்ளுக்க கிடக்கிறது எம், கே, செமிகோலன், கே, எச். கணினி பாவம், உள்ளதை உள்ளபடி வாசிக்குது. அந்த எழுத்தை கொப்பி பண்ணி ஒரு கன்வேர்ட்டரில போட்டு யூனிகோடுக்கு மாத்துங்கோ, என்எச்எம் கன்வேர்ட்டர் இதுக்கெண்டே இருக்கு.

எழுத்தை செலக்ட் பண்ணவே ஏலாமல் இருந்தால் அது வெறும் ஸ்கான் படம். அப்ப கூகுள் டிரைவில ஏத்தி, கூகுள் டொக்ஸில திறவுங்கோ, தமிழையும் எழுத்தாக்கித் தரும். பிழை வரும், ஆரும் ஒருக்கா வாசிச்சுத் திருத்தோணும். அதுக்குப் பஞ்சியெண்டால் மதுரைத் திட்டம் எண்ட இணைய நூலகத்தில பாருங்கோ, 1998 பொங்கலுக்குத் தொடங்கினது, பழைய இலக்கியம் கனக்க யூனிகோடிலயே கிடக்கு. ஐயா தமிழாசிரியர் தானே, அவருக்கு அதே காணும்.

சும்மாஒருகருத்து:
ஸ்கேன் பண்ணி குடுக்குறதெல்லாம் காப்பிரைட் பிரச்சினை ஆகாதா?

கீபோர்டுதான்_கண்ணு:
படிக்க முடியாதவங்க சொந்த உபயோகத்துக்கு மாத்திக்க 2012 காப்பிரைட் திருத்தத்துலயே வழி இருக்குங்க. இதுக்குன்னே இருக்குற மர்ரகேஷ் சர்வதேச ஒப்பந்தத்தை உலகத்துலயே முதல்ல ஏத்துக்கிட்ட நாடும் நம்மதான், 2014ல. நெட்ல எல்லாருக்கும் ஷேர் பண்ணாம வீட்டோட வச்சுக்கிட்டா சரி.

நெல்லைக்காரி:
பத்து நாள் கழிச்சு வாரேன், மன்னிக்கணும். எல்லாம் போட்டாச்சு. முதல் ரெண்டு நாள் ஒரே சண்டை, கன்ட்ரோலுக்கு பதிலா விண்டோஸ் கீயை அமுக்கி அமுக்கி ஸ்டார்ட் மெனு திறந்துட்டே இருந்துச்சு, "இது என்னம்மா வாய் ஓயாம பேசுது, உங்க அத்தை மாதிரி"னு திட்டுனாங்க. மூணாவது நாள் நான் ஆபீஸ்ல இருக்கும்போது கரண்ட் போயிருக்கு, வந்ததும் அவங்களே பவர் பட்டனை தடவி ஆன் பண்ணி பாஸ்வேர்ட் அடிச்சு, நான் தோரியத்துக்கு டெஸ்க்டாப்ல வச்சுக் குடுத்த கன்ட்ரோல் ஆல்ட் டி அடிச்சு விட்ட இடத்துல இருந்து கேட்டுருக்காங்க. எனக்கு போன் பண்ணி சொல்லல, சாயங்காலம் வந்ததும் "இன்னைக்கு அவன் வரல, வரவும் வேண்டாம்"னு மட்டும் சொன்னாங்க.

பிடிஎஃப்ல பாதி பாமினி, பாதி ஸ்கேன். யாழ்ப்பாணத்து அண்ணாவுக்கு ரொம்ப நன்றி. திருத்துற வேலையை அப்பாவே பாக்காங்க, மெஷின் படிக்க படிக்க "அங்க ஒற்று விட்டுட்டு, போடு"ங்காங்க, நான் பக்கத்துல உக்காந்து போடுதேன்.

ஒரு சந்தேகம் மட்டும் பாக்கி. வெண்பாவை மெஷின் பஸ் டைம்டேபிள் மாதிரி ஒரே மூச்சுல ஓட்டுது, அப்பாவுக்கு தாங்கல. வேகத்தை குறைச்சா உரைநடை இழுவையா இருக்கு. ரெண்டுக்கும் தனித்தனியா வைக்க முடியுமா?

கீபோர்டுதான்_கண்ணு:
வேகத்துல கைவைக்காதீங்க. பாட்டை மட்டும் தனியா நோட்பேட்ல போடுங்க, ஒரு அடிக்கு ஒரு வரி, வேர்ட் ராப்பை எடுத்துருங்க. டவுன் ஆரோ ஒரு தட்டு தட்டுனா ஒரு அடி படிச்சுட்டு சும்மா நிக்கும். ஐயா அசை பிரிச்சு முடிச்சுட்டு அடுத்த தட்டு தட்டட்டும்.