மறு: பொருளோடு சேவையும் விற்கும் போக்குக்கு ஒரு சொல் – 'சேவையேற்றம்'

> சேவைமயமாதல் என்றே வைத்துவிடலாமே? உலகமயமாதல், தனியார்மயமாதல் வரிசையில் உடனே புரியும்.

புரியும், ஆனால் வேறு பொருளில். ஒரு நாட்டின் பொருளாதாரமே ஆலைகளை விட்டு வங்கி, வணிகம், மென்பொருள் பக்கம் சாய்வதைத்தான் அது குறிக்கும். 1988இல் மேலாண்மை ஆய்வாளர்கள் வாண்டர்மெர்வேயும் ராடாவும் ஆங்கிலத்தில் servitization என்று பெயரிட்ட, நாம் சொல் தேடும் போக்கில் ஆலை ஓடிக்கொண்டேதான் இருக்கிறது. அது செய்யும் எந்திரத்தின்மேல் சேவை ஏறுகிறது.

> அப்படியானால் சேவையாக்கம்? சின்னச் சொல்.

'ஆக்கம்' என்றால் பொருள் மறைந்து சேவையாகிவிட்டதாகத் தொனிக்கும். 'ஏற்றம்' என்பதில் உற்பத்தியாளர் தலையில் ஏறும் சுமையும் சேர்ந்தே தெரிகிறது. எனக்கு அதுதான் முக்கியம்.

ஜெர்மனியின் கேசர் நிறுவனம் காற்றை அழுத்தித் தரும் கம்ப்ரசரை விற்பதோடு, அதை வாடிக்கையாளர் ஆலையில் தன் செலவில் நிறுவி, அழுத்தக் காற்றைக் கன மீட்டர் கணக்கிலும் விற்கிறது. இந்த முறையில் இறங்கும் எவருக்கும் முதலில் இடிப்பது ரொக்கம்: எந்திரத்தின் விலை ஒரே நாளில் வராது, ஆண்டுக்கணக்கில் சொட்டும். ஃபில்டரும் ஆயிலும் நேற்றுவரை லாபம் தந்த சரக்கு, இன்று சொந்தச் செலவு. விற்பனையாளரின் கமிஷன் விற்ற தொகையிலேயே நின்றால் அவர் பழையபடி எந்திரத்தைத்தான் தள்ளுவார்.

பிறகு மீட்டர் தகராறு. பராமரிப்பில்லாத ஆலைகளில் காற்றில் 20–30% குழாய்க் கசிவிலேயே போவது சகஜம். மீட்டர் கம்ப்ரசர் வாசலில் இருந்தால் கசிவுக்கும் வாடிக்கையாளர் பணம் கட்டுகிறார். கசிவை அடைக்கச் சொல்ல விற்பவருக்கு ஆர்வம் இருக்காது. கரண்ட் பில் விற்பவருடையது என்றால் சிக்கல் திரும்புகிறது: ஆலைக்காரர் காற்றழுத்தத்தை 7 பாரிலிருந்து 8 பாராக உயர்த்தக் கேட்டால் மின்செலவு சுமார் 6–7% கூடி விற்பவருடைய லாபத்தைத் தின்னும். மீட்டர் இருக்கும் இடம், அழுத்த வரம்பு, மாதக் குறைந்தபட்ச அளவு மூன்றும் ஒப்பந்தத்தில் இருந்தே ஆகவேண்டும். குறைந்தபட்ச அளவு எதற்கு என்பதற்கு 2020 சான்று: விமான எஞ்சின் பறந்த மணிக்குக் காசு வாங்கிய ரோல்ஸ் ராய்ஸுக்கு, கொரோனாவால் விமானங்கள் நின்றதும் அந்த வரவும் சுருங்கியது.

இன்னொரு வசதி: இந்தச் சுமை தாங்காமல் சேவைகளைக் கைவிட்டுப் பின்வாங்குவதற்குச் 'சேவையிறக்கம்' தானாகக் கிடைக்கிறது. சேவை வருமானம் கூடியும் லாபம் கூடாத நிலைக்குச் 'சேவை முரண்' போதும்.

நம் சொற்பட்டியலில் இப்படிச் சேர்க்கலாம்: சேவையேற்றம் (பெயர்), சேவையேற்று (வினை), சேவையேற்றிய பொருள். காற்று, பறந்த மணி என்று பயனை அளந்து விற்பதற்கு மட்டும் 'பயனளவு ஒப்பந்தம்'. வெறும் ஏஎம்சிக்கு (ஆண்டுப் பராமரிப்பு ஒப்பந்தம்) அதைப் பயன்படுத்த வேண்டாம். மறுப்பிருந்தால் எழுதுங்கள்.