பவுன்ஸ் மஷ்ரூமை வெட்டிப் பெருக்கலாமா?

கேள்வி (பாளையங்கோட்டை):
200 லிட்டர் ரீஃப் தொட்டி (பவளம் வளர்க்கிற கடல்நீர்த் தொட்டி). உப்பு அடர்த்தி 1.025, நைட்ரேட் 10 பி.பி.எம்., பாஸ்பேட் 0.05 பி.பி.எம். ரோடாக்டிஸ் பவுன்ஸ் மஷ்ரூம் (பவளத்துக்கு உறவான மெத்து உயிரி, மேலே குமிழ் குமிழாப் புடைச்சிருக்கும்) ஒண்ணு, 5 செ.மீ. அகலம், கல்லில் நல்லாப் பிடிச்சிருக்கு. வெட்டலாமா? இன்னொரு நிறம் எங்கே தேட? தூத்துக்குடிக் கடல் பக்கத்துலதானே?

பதில் 1:
கடல் யோசனையை விட்டிருங்க அண்ணாச்சி. தூத்துக்குடியிலிருந்து ராமேஸ்வரம் வரை 21 தீவும் 1986-ல் அறிவிச்ச கடல்சார் தேசியப் பூங்கா. கல் பவளம், கடல் விசிறி ரெண்டும் வனவிலங்குச் சட்டத்தின் முதல் அட்டவணை, அதாவது முழுப் பாதுகாப்பு. கரையில ஒதுங்கின செத்த துண்டுக்கும் அதே கதிதான். மஷ்ரூமுக்குச் சுண்ணாம்புக் கூடு கிடையாது, கல் பவளத்தில் சேராது. ஆனா அது ஒட்டியிருக்கிற கல் பவளமா இருந்தா மாட்டிக்கிடுவீங்க. தொட்டியில பெருகின குட்டியா, பவளம் இல்லாத வேற துண்டுல ஒட்டினதா கேட்டு வாங்குங்க. வெள்ளை விளக்குல எடுத்த படம் கேளுங்க. நீல விளக்குல சாதா ரோடாக்டிஸும் ஜொலிக்கும். நாலஞ்சு சின்னப் புடைப்பு இருக்கிறதையெல்லாம் பவுன்ஸ்னு விக்கிறாங்க.

பதில் 2:
வெட்டணும்னா கல்லோட வெளியே எடுத்து, புது சர்ஜிக்கல் பிளேடால வாய்க்கு நடுவே ஒரே இழுப்பு. ரெண்டு பாதியிலும் வாயும் பாதமும் (கல்லைப் பிடிக்கிற அடிப்பகுதி) கொஞ்சம் வரணும். வாயும் பாதமும் இல்லாத மேல்விளிம்புத் துண்டு பிழைக்கிறது சந்தேகம். வெட்டினதும் கசியுற கோழையைத் தொட்டித் தண்ணியில அலசி, அந்தத் தண்ணியைக் கொட்டிருங்க, திருப்பி ஊத்தாதீங்க.

சூப்பர் க்ளூ வேண்டாம், கோழையில நிக்காது. சின்ன டப்பாவில பொடிக்கல் பரப்பி, துண்டுகளை வச்சு, மேலே கொசுவலை கட்டி, ஓட்டம் குறைந்த இடத்துல வையுங்க. வலை இல்லேன்னா ராத்திரியோட பம்புக்குள்ள போயிரும். ஒண்ணு ரெண்டு வாரத்துல கல்லைப் பிடிக்கும். பழுப்பா கூழாகி நாறினா அந்தத் துண்டை உடனே எடுத்திருங்க, பக்கத்துத் துண்டையும் கெடுக்கும்.

பதில் 3:
ஒரே ஒரு மஷ்ரூம்னா நான் பிளேடை எடுக்கவே மாட்டேன். விளிம்போரம் பாதத்தை நெம்பி நகர்த்துங்க. கல்லில் ஒட்டி நிக்கிற பாதத்துணுக்கே குட்டியா முளைக்கும். மாசக்கணக்கு ஆகும், தாய் தப்பிக்கும்.

வெட்டுறதா இருந்தாலும் சித்திரை வைகாசியில வேண்டாம். தண்ணி 29 டிகிரியைத் தாண்டினா வெட்டுக்காயம் அழுகும். ஆனிச் சாரல் காத்து வரட்டும். காத்தாடி வச்சா ரெண்டு மூணு டிகிரி இறங்கும், ஆனா தண்ணி வத்தி உப்பு ஏறும். வத்தினதுக்கு ஆர்.ஓ. தண்ணிதான், உப்புத்தண்ணி இல்லை.

கேட்டவர்:
அப்ப பாதத்தை நெம்பிப் பாக்கேன். விளக்கைக் குறைக்கணுமா?

பதில் 3:
தொட்டி அடியில, 50 முதல் 80 பார் (PAR, வெளிச்சத்தை அளக்கிற அளவு) போதும். வெளிச்சம் கூடினா பவுன்ஸ் சுருங்கும்.