புதுப்பிப்பு: படம் பார்த்து வாங்கிய கார்

நேரில் பார்க்காமல், படங்களை மட்டும் நம்பி இணையத்தில் ஒரு பழைய கார் வாங்கியதையும், உள்ளே ஈர வாடை போகவே மாட்டேன் என்கிறது என்பதையும் போன மாதம் எழுதியிருந்தேன். பதில் சொன்ன எல்லோருக்கும் நன்றி. நீங்கள் சந்தேகப்பட்டது சரிதான், அது வெள்ளத்தில் நின்ற வண்டி.

மெக்கானிக் முதலில் சீட் பெல்ட்டைக் கடைசி வரை இழுத்துப் பார்த்தார். வெளியே தெரியும் பகுதி புதிது போல இருந்தது, உள்ளே சுருண்டிருந்த பகுதியில் காய்ந்த சேற்றுக் கோடு. கார்பெட்டைத் தூக்கினால் சீட் போல்ட்டெல்லாம் துரு. நேரில் போயிருந்தால் இது பத்து நிமிட வேலை.

அதைவிட உறுத்துவது இன்னொன்று. விற்றவர் அனுப்பிய வீடியோவில் எஞ்சின் எச்சரிக்கை விளக்கு எரியவில்லை. வண்டியின் கணினியைப் படிக்கும் ஸ்கேனரை மாட்டியதும்தான் காரணம் புரிந்தது: பிழைக் குறியீடுகளைச் சமீபத்தில் யாரோ அழித்திருக்கிறார்கள். அழித்தால் விளக்கு அணைந்துவிடும். ஆனால் வண்டியின் சுயபரிசோதனைகள், மறுபடி கொஞ்சம் ஓட்டும் வரை, இன்னும் முடிவடையாதவை என்றே காட்டும். மெக்கானிக் கண்டுபிடித்தது அதை வைத்துத்தான்.

அப்புறம், "புது டயர்" என்றார்களே, பக்கவாட்டில் 2315 என்று இருக்கிறது. 2015ஆம் ஆண்டின் 23ஆவது வாரத்தில் செய்தது என்று பொருள்.

விற்றவர் இப்போது போனை எடுப்பதில்லை. ஏர்பேக் இணைப்புகளிலும் பச்சைக் களிம்பு பூத்திருக்கிறது. வயரிங் முழுவதும் மாற்றும் வரை வீட்டில் யாரையும் அதில் ஏற்ற மாட்டேன்.