அலுவலகத்தைத் திராய்மடுவுக்கு மாத்துற செலவை எப்படி எழுதுற?

வாவிக்கரையான்:
வணக்கம். மட்டக்களப்பில ஒரு அரச நிறுவனத்துட மாவட்ட அலுவலகத்தில முகாமைத்துவ உதவியாளரா இருக்கிறன். டவுனில, புளியந்தீவுக்குள்ள ஒரு வாடகை வீட்டிலதான் அலுவலகம். போன மாரியில பின்னறைக்குள்ள தண்ணி வந்து, கீழ்த்தட்டில இருந்த கோப்பெல்லாம் ஊறிப்போச்சு. நானும் காவலாளி அண்ணனும் மூணு நாள் ஃபேனுக்குக் கீழ இருந்து தாள் தாளாப் பிரிச்சுக் காயவச்சம். ஒரு வயசான அம்மாட கையெழுத்து கரைஞ்சு நீலக் கறை மட்டும்தான் கிடந்திச்சு. வெல்லாவெளியில இருந்து அவவைத் திரும்பக் கூப்பிட்டுத்தான் ஒப்பம் எடுத்தம். எனக்கு அவட முகத்தைப் பார்க்க வெக்கமாப் போச்சு.

வீட்டுக்காரரும் வாடகையைக் கூட்டிக் கேட்கிறார். கச்சேரி, அதான் மாவட்டச் செயலகம், கோட்டைக்குள்ள இருந்து திராய்மடுவுக்குப் போயிட்டுதானே, அந்தப் பக்கம் எங்களுக்கும் ஒரு இடம் பார்த்திருக்கு. செலவுக்கு நியாயம் காட்டி அறிக்கை அனுப்பச் சொல்லிக் கொழும்பில இருந்து கடிதம் வந்திருக்கு. லொறிக் கூலி, மின் இணைப்பு, பாட்டிசன் என்று எழுத எழுதத் தொகை கூடிக்கொண்டுதான் போகுது. எங்க தொடங்குற?

ஓய்வுபெற்ற கணக்காளர்:
தம்பி, லொறிக் கூலியில தொடங்காதீங்க. இந்த வீட்டிலயே இன்னும் 5 வருசம் இருந்தா எவ்வளவு போகும் என்று முதல்ல எழுதுங்க. வாடகை, மாரிக்கு மாரி கூரையும் கானும் திருத்துற காசு, ஊறின கோப்பைத் திரும்ப உருவாக்கப் போற ஆள் நாள் எல்லாம் வரட்டும். அதுக்குப் பக்கத்தில புது இடத்துட 5 வருசம். ரெண்டும் ஒரே தாளில இருந்தாத்தான் கொழும்பில இருக்கிறவருக்கு விளங்கும். வாடகைக்கு அரச விலைமதிப்பாளர்ட மதிப்பீடு எடுங்க. வீட்டுக்காரர் அதுக்கு மேல கேட்கிறார் என்றா அந்தக் கடிதமே உங்களுக்கு நல்ல காரணம்.

மறுகா, மாறுற நேரம் ரெண்டு இடத்துக்கும் ஒன்றாக வாடகை கட்ட வேண்டி வரும். அதை மறைக்காம எழுதுங்க. நான் ஒரு இடமாற்றத்தில அதை விட்டுட்டன். மூணு வருசத்துக்குப் பிறகு கணக்காய்வில கேள்வி வந்திச்சு. ஒப்பம் வச்ச பெரியவங்க எல்லாரும் அதுக்குள்ள மாற்றலாகிப் போயிட்டாங்க, நான்தான் நின்று பதில் சொன்னன். பாட்டிசனையும் யோசிங்க. அடுத்தவன்ட கட்டடத்தில அடிச்சா போகேக்க விட்டுட்டுத்தான் போகணும். அலுமாரியை வச்சு மறிச்சாக் காணும்.

மண்டூர் மகள்:
அண்ணா, உங்கட கணக்கில எங்கட பஸ் காசு எங்க இருக்கு?

என்ட அம்மா டவுனுக்கு ஒரு ஒபிஸ் வேலையா வரணும் என்றா, விடியக்காலம்பற வாவியைக் கடக்கிற பாதையில (மிதவைப் படகில) ஏறி குறுமண்வெளியில இறங்கி, கல்முனை றோட்டுக்குப் போய் பஸ் பிடிச்சு, கல்லடிப் பாலம் தாண்டி வரணும். காணி உறுதியையும் அடையாள அட்டையையும் சொப்பிங் பேக்கில சுத்தி நெஞ்சோட அணைச்சுக்கொண்டுதான் பாதையில நிப்பா. தண்ணி தெறிச்சா முதுகைக் குடுப்பா, பேக்கைக் குடுக்கமாட்டா. கச்சேரி கோட்டைக்குள்ள இருக்கேக்க பஸ் ஸ்டாண்டில இறங்கி நடந்தே போவா. இப்ப அங்கால இன்னொரு பஸ், இல்லாட்டி ஆட்டோ. போற நாளில அதிகாரி வெளிக்களம் போயிருந்தா அண்டைக்குக் கூலி வேலையும் இல்ல, வந்த வேலையும் இல்ல.

2014இல மண்முனைப் பாலம் திறந்த பிறகு கொக்கட்டிச்சோலை ஆக்கள் துறையில காத்து நிக்கிற பாடு இல்லாமப் போச்சு. மண்டூர் ஆக்களுக்கு இன்னும் பாதைதான். எங்கட பயணத்தை இன்னும் நீட்டாதீங்க.

வாகரையான்:
அக்கா சொல்றதில நியாயம் இருக்கு. ஆனா வாகரை, வாழைச்சேனை, செங்கலடியால வாற எங்களுக்குத் திராய்மடு டவுனுக்கு முன்னமே வந்திடும். கச்சேரி வேலையையும் உங்கட வேலையையும் ஒரே நாளில முடிக்கலாம். வாசல்ல வருகைப் புத்தகம் வச்சிருப்பீங்கதானே? எண்ணிப் பாருங்க.

வாவிக்கரையான்:
இண்டைக்குச் சாப்பாட்டு நேரத்தில போன மாசப் பக்கங்களை எண்ணினன். பாதிக்கு மேல படுவான்கரையும் (வாவிக்கு மேற்குப் பக்கம்) கல்முனை றோட்டும்தான். இவ்வளவு வருசம் அந்தப் புத்தகத்துக்குப் பக்கத்திலயே இருந்தும் நான் அதைப் பார்க்கல்ல.

ஐயா சொன்னபடி ரெண்டு 5 வருசத்தையும் ஒரு தாளில போடுறன், ரெட்டை வாடகையும் அதில இருக்கும். அதோட கொக்கட்டிச்சோலை, வெல்லாவெளி பிரதேச செயலகங்கள்ள கிழமைக்கு ஒரு நாள் எங்கட ஆள் இருந்து வேலை செய்யணும். அதுக்கான வாகனம், எரிபொருள் எல்லாத்தையும் இடமாற்றச் செலவுக்குள்ளயே எழுதுறன். கொழும்பு அந்த வரியை வெட்டினா திராய்மடு வேணாம், டவுனுக்குள்ளயே தண்ணி நிக்காத வீடு தேடுவம் என்று மேலதிகாரியிட்டச் சொல்லிப்போட்டன். அவர் இன்னும் பதில் சொல்லல்ல.

மண்டூர் தங்கச்சி, அம்மா ஏறுற பாதை காலையில எத்தனை மணிக்கு? திரும்பிப் போகக் கடைசிப் பாதை எத்தனைக்கு? அந்த ரெண்டு நேரத்தையும் அறிக்கையில போடணும்.