குட்டி பிழைப்பது சினையிலேயே தெரிந்துவிடும்: செம்மறி வளர்ப்பவர்களின் அனுபவங்கள்

தாராபுரம் பக்கத்திலிருந்து:

எங்கள் பட்டியில் இப்போது மேச்சேரி இனச் செம்மறித் தாயாடுகள் 60. கொறங்காட்டு மேய்ச்சல்தான், அதாவது முள்வேலி போட்ட மானாவாரி மேய்ச்சல் காடு. அப்பாரு காலத்திலிருந்து ஆடு இருக்கிறது. ஆனாலும் சினையாட்டைப் பார்த்துக்கொள்வது எப்படி என்று எனக்குப் புரியவைத்தது ஒரே ஒரு ஆட்டின் சாவு.

மூன்று வருசத்துக்கு முன்பு, சித்திரை மாசம். கொழுக்கட்டைப்புல் காய்ந்து தரையோடு போயிருந்தது. ஆடுகள் வெள்வேல் காயைப் பொறுக்கித் தின்றுவிட்டு அரைவயிறோடு வரும். அதில் ஒன்று மூன்றாம் ஈத்து, அதாவது மூன்றாவது முறை குட்டி போடப்போவது. வயிறு இரண்டு பக்கமும் தள்ளியிருந்தது, இரட்டைக் குட்டி என்று பார்த்ததுமே தெரியும். ஒரு சாயங்காலம் மந்தையை விட்டுப் பின்தங்கியது. மறுநாள் தொட்டி விளிம்பில் தாடையை வைத்துக்கொண்டு தண்ணீர் குடிக்காமல் அப்படியே நின்றது. பல்லை நறநறவென்று கடித்தது. கண்ணுக்கு நேரே கையை ஆட்டினேன், இமைக்கவில்லை. நானோ பூச்சித் தொந்தரவு என்று நினைத்துக் குடற்புழு மருந்தை ஊற்றினேன். மூன்றாம் நாள் கழுத்தை விலாப்பக்கம் மடக்கிப் படுத்துவிட்டது. டாக்டர் வந்து வாயை முகர்ந்து பார்த்தார். "கடைசி மாசத்துல என்ன தீனி போட்டீங்க?" என்றார். எனக்குப் பதில் வரவில்லை. குளுக்கோஸ் ஏற்றியும் அன்றிரவே போய்விட்டது. வயிற்றுக்குள் இரண்டு குட்டி.

ஆட்டுக்குச் சினை ஐந்து மாசம். வயிற்றுக் குட்டி பெரும்பகுதி எடை போடுவது கடைசி ஆறு வாரத்தில்தான். அதே நேரம் குட்டி இடத்தை அடைத்துக்கொள்வதால் தாயால் நிறையத் தின்னவும் முடியாது. வெறும் சோளத்தட்டை வைத்தால் வயிறு நிரம்பும், தெம்பு வராது. அப்போது தாய் தன் உடம்புக் கொழுப்பைக் கரைக்கும். அப்படிக் கரையும்போது ரத்தத்தில் சேரும் கீட்டோன் என்ற கழிவுதான் ஆட்டைச் சாய்த்துவிடுகிறது. வாயில் ஒரு தித்திப்பு வாடை அடிக்குமே, அது இதனால்தான்.

இப்போது கிடாயின் நெஞ்சில் காவியை எண்ணெயில் குழைத்துப் பூசிவிடுகிறேன். எந்த ஆட்டின் பின்பக்கம் காவி ஒட்டியிருக்கிறதோ அது கிடாயோடு சேர்ந்த தேதியைக் குறித்துக்கொள்வேன். மூன்றரை மாசம் தாண்டியதும் அடர்தீவனம். உடைத்த மக்காச்சோளம், கடலைப்பிண்ணாக்கு, தவிடு கலந்து 50 கிராமில் தொடங்கி, பத்து நாளில் 250 கிராமுக்குக் கொண்டுவருவேன். காலையில் பாதி, மாலையில் பாதி. முதுகெலும்பைத் தடவிப் பார்ப்பது முக்கியம். முள் முள்ளாகக் குத்தினால் தீனி போதவில்லை. எலும்பே தட்டுப்படாமல் கொழுத்திருந்தாலும் ஆபத்துதான், கொழுத்த ஆட்டுக்கும் இதே நோய் வரும். இன்னொன்று, மாட்டுக்கு வாங்கிய தாது உப்பைச் செம்மறிக்கு வைக்காதீர்கள். அதில் இருக்கும் தாமிரத்தின் அளவைச் செம்மறி தாங்காது.

சிவகங்கைப் பக்கத்திலிருந்து:

அண்ணே, நாங்க கிடை போட்டு, அதாவது ராத்திரி மந்தையை வயலில் தங்கவைத்து, ஊர் ஊராகப் போகிறவர்கள். தீனி வாங்கிப் போட வசதி கிடையாது. ஆனால் அந்தக் கடைசி மாசத்தை நாங்களும் விடமாட்டோம். கடலை பறித்த காடு கிடைத்தால் சினையாடுகளைத்தான் முதலில் இறக்குவோம். கொடியும் இலையும் அவை தின்றது போக மிச்சம்தான் மற்ற ஆட்டுக்கு.

எனக்கு விழுந்த அடி துள்ளுமாரியால், குட்டியைத் திடீரென்று சாய்க்கும் நோய் அது. ஒரு ஐப்பசியில் முதல் மழைக்கு முளைத்த புல்லில் குட்டிகளை ஆசையாக விட்டோம். காலையில் துள்ளித் திரிந்த குட்டி மத்தியானம் கழுத்தைப் பின்னுக்கு இழுத்து, காலை உதைத்துச் செத்தது. நோஞ்சான் குட்டி ஒன்றும் சாகவில்லை. கொழுகொழுவென்று, கிடையிலேயே அழகாக இருந்த குட்டிகள்தான் வரிசையாகப் போயின. ஒரே வாரத்தில் பதினொன்று. என் வீட்டுக்காரி அன்றைக்கு அழுத அழுகை இன்னும் காதில் இருக்கிறது.

இப்போது மழைக்கு முன்பே அதற்கான தடுப்பூசி போட்டுவிடுகிறோம். சினையாட்டுக்கு ஈனுவதற்கு ஒரு மாசம் முன்பு போட்டால் சீம்பால் வழியாகக் குட்டிக்கும் காப்பு கிடைக்கும். பனி ஈரம் காயும் முன் மந்தையை அவிழ்ப்பதில்லை. இளம்புல் காட்டுக்குப் போகிற அன்று முதலில் கொஞ்சம் வைக்கோலைத் தின்ன விட்டுத்தான் ஓட்டுவோம்.

விளாத்திகுளம் பக்கத்திலிருந்து:

எங்களிடம் இருப்பது பொட்டு ஆடு, வேம்பூர் ஆடு என்பார்களே, அது. ஈத்துக் காலத்தில் ராத்திரி பட்டியில் இருப்பது நான்தான்.

போன மார்கழியில் முதல்முறை ஈனும் ஒரு தலைஈத்து ஆடு விடியக்காலம் ஈன்றது. இரண்டு குட்டி. முதல் குட்டியை நக்கியது, இரண்டாவதை முட்டித் தள்ளிவிட்டது. நான் பார்க்கும்போது அது ஈரத்தோடு மண்ணில் கிடந்தது. வாய்க்குள் விரலை விட்டால் உள்ளே சில்லென்று இருந்தது. என் மாமியார் உடனே பால் புகட்டச் சொன்னார்கள். நான் வேண்டாம் என்று தடுத்தேன். முந்தின வருசம் அப்படிப் புகட்டித்தான் ஒரு குட்டியைக் கொன்றேன். குளிரில் விறைத்த குட்டிக்கு விழுங்கத் தெம்பு இருக்காது, பால் நுரையீரலுக்குப் போய்விடும்.

சாக்கால் துடைத்து, வெந்நீர் பாட்டில்களைத் துணியில் சுற்றி இரண்டு பக்கமும் அணைத்து வைத்தேன். ஒரு மணி நேரம் போல ஆனது. வாய் வெதுவெதுப்பாகி, என் விரலைச் சப்பத் தொடங்கிய பிறகுதான் தாயைப் பிடித்தேன். காம்பு நுனியில் மெழுகு மாதிரி ஓர் அடைப்பு இருக்கும். இரண்டு தடவை பீச்சிவிட்டால்தான் பால் வழி திறக்கும், இதைச் செய்யாமல் "குட்டி சப்பிக்கிட்டுதானே இருக்கு" என்று நிறைய பேர் நம்பிவிடுகிறார்கள். அந்தக் குட்டி இரண்டு கிலோ இருக்கும். முதல் நாளைக்குள் 200 மில்லி சீம்பாலாவது உள்ளே போக வேண்டும், அதுவும் முதல் சில மணி நேரத்தில் எவ்வளவு முடியுமோ அவ்வளவு. தொப்புள்கொடியை டிங்சர் அயோடினில் முக்கினேன். முதலில் பிறந்த குட்டியின் மேலிருந்த ஈரத்தை இதன் மேல் தேய்த்து, தாயைக் குட்டையாகக் கட்டி வைத்தேன். மூன்றாம் நாள் தானாகவே மடியைக் கொடுத்தது.

தாராபுரம்காரர்:

அக்கா, காம்பு அடைப்பை நான் இத்தனை நாள் பார்த்ததே இல்லை. இந்த ஈத்தில் பார்க்கிறேன். உங்கள் குட்டிக்கு எப்போதிலிருந்து தீனி காட்டினீர்கள்?

விளாத்திகுளம்:

பதினைந்தாம் நாளிலிருந்து, தம்பி. பெரிய ஆடு நுழைய முடியாத மாதிரி கம்பு அடித்து ஒரு தடுப்பு. உள்ளே அகத்திக்கீரைக் கட்டு ஒன்று தொங்கும், ஒரு தட்டில் உடைத்த கம்பும் பிண்ணாக்கும். முதல் வாரம் முகர்ந்துவிட்டுப் போகும், பிறகு போட்டி போட்டுத் தின்னும். மூன்று மாசத்தில் பால் மறக்கடித்தேன். மாசம் ஒருமுறை கீழ் இமையை விலக்கிப் பார்ப்பேன், வெளிறியிருந்தால் பூச்சி ரத்தம் குடிக்கிறது என்று அர்த்தம். அந்த முட்டித் தள்ளப்பட்ட குட்டி பெட்டை. விற்கவில்லை. இப்போது சினையாக இருக்கிறது.