வாய் சொன்னது ஆறாயிரம், கை வைத்தது ஐயாயிரம்

நான் உள்நாட்டு விமானங்களில் பைலட். சில வருடங்களுக்கு முன், கோ-பைலட்டாக இருந்தபோது நடந்தது இது.

சென்னை–டெல்லி–சென்னை. இரவு பத்தரைக்கு ரிப்போர்ட்டிங், காலை ஆறு மணிவாக்கில் திரும்பி வந்து இறங்க வேண்டும். தொடர்ந்து இரண்டாவது இரவு. இடையில் பதினைந்து மணி நேரத்துக்கு மேல் ஓய்வு, விதிப்படி எந்தக் குறையும் இல்லை. ஆனால் அது பகல். சித்திரை வெயில். காலை எட்டரைக்குப் படுத்தேன். பதினொன்றுக்கு பக்கத்து வீட்டில் டிரில்லிங் மெஷின், ஒரு மணிக்கு கரண்ட் போய்விட்டது. எல்லாம் சேர்த்து நாலு மணி நேரம் தூங்கியிருப்பேன்.

திரும்பும்போது விமானம் என் கையில், ரேடியோ கேப்டனிடம். சென்னையை நெருங்கி இறங்கிக்கொண்டிருந்தோம். இடப்பக்கக் கண்ணாடியில் கடல் பக்கம் லேசாக வெளுத்திருந்தது. ஆறாயிரம் அடிக்கு இறங்கச் சொன்னது தரையிலிருந்து விமானங்களை வழிநடத்தும் கண்ட்ரோல். கேப்டன் திருப்பிச் சொன்னார். நான் இறங்க வேண்டிய உயரத்தை வைக்கும் குமிழைத் திருகி எண்ணை வைத்துவிட்டு, "ஆறாயிரம்" என்று சத்தமாகவும் சொன்னேன்.

கேப்டன் பதில் சொல்லவில்லை. கையை நீட்டி, திரையில் இருந்த எண்ணுக்குப் பக்கத்தில் ஆள்காட்டி விரலை வைத்தார். "தம்பி, இதைப் படி."

ஐயாயிரம்.

நான் தூங்கவில்லை, கண் சொக்கவும் இல்லை. கேட்டிருந்தால் நன்றாக இருக்கிறேன் என்றுதான் சொல்லியிருப்பேன். அதை நினைத்தால்தான் இன்றைக்கும் பயமாக இருக்கிறது. களைப்பு எப்போதும் கொட்டாவியோடு வருவதில்லை. வாய் சரியானதைச் சொல்லும், கை வேறொன்றைச் செய்யும், மூளை இரண்டையும் சரி என்று ஏற்றுக்கொள்ளும். அதிகாலை இரண்டிலிருந்து ஆறு வரை உடம்பின் கடிகாரம் அடிமட்டத்தில் இருக்கும் நேரம். முதல் நாள் பகலில் எத்தனை மணி நேரம் படுத்திருந்தாலும் இந்த நேரத்தை ஏமாற்ற முடியாது.

2010 மே 22, மங்களூர் விபத்தைப் பலர் மறந்திருக்கலாம். துபாயிலிருந்து இரவெல்லாம் பறந்து வந்த விமானம், காலை ஆறு மணியை ஒட்டி இறங்கியது. 158 பேர் இறந்தார்கள், எட்டுப் பேர்தான் பிழைத்தார்கள். பயணத்தில் ஒன்றரை மணி நேரத்துக்கும் மேல் கேப்டன் தூங்கியிருக்கிறார், குறட்டைச் சத்தம் காக்பிட் பதிவிலேயே இருந்தது. ஆழ்ந்த தூக்கத்திலிருந்து எழுந்தவருக்கு மூளை தெளிய நேரம் வேண்டும். இறங்கும்போது விமானம் இருக்க வேண்டியதைவிட ரொம்ப உயரத்தில் இருந்தது. இறங்காமல் மேலே ஏறிவிடலாம் என்று கோ-பைலட் ஒருமுறைக்கு மேல் சொல்லியும், ஓடுபாதையில் பாதிக்கு மேல் தாண்டிய பிறகே சக்கரம் தரையைத் தொட்டது. அது மேட்டின் மேல் அமைந்த ஓடுபாதை. முனைக்கு அப்பால் பள்ளம்.

எங்கள் காக்பிட்டில் ஒரு விரல் சரியான நேரத்தில் நீண்டது, அவ்வளவுதான் வித்தியாசம்.

அதனால்தான் பைலட்டுகளின் பணி நேர, ஓய்வு விதிகளில் விமானப் போக்குவரத்தை ஒழுங்குபடுத்தும் அரசு அமைப்பான டிஜிசிஏ 2024 ஜனவரியில் கொண்டுவந்த திருத்தம் எனக்குப் பெரிய விஷயம். வார ஓய்வு 36 மணி நேரத்திலிருந்து 48 ஆனது. இரவுப் பணியில் ஆறு முறை தரையிறங்கலாம் என்றிருந்தது இரண்டு முறையாகக் குறைந்தது. இரவு என்பது காலை ஐந்தோடு முடிந்ததை ஆறு வரை நீட்டினார்கள். எனக்கு முக்கியமானது இந்த ஒரு மணி நேரம்தான், நான் தப்பு செய்தது அதற்குள்தான். 2025 ஜூலையிலும் நவம்பரிலுமாக அமலுக்கு வந்தது. டிசம்பரில் ஆள் போதாமல் இண்டிகோ விமானங்கள் ஆயிரக்கணக்கில் ரத்தானதும், இரவு விதிகளில் அந்த நிறுவனத்துக்குத் தற்காலிகமாக விலக்கு கொடுத்தார்கள். விமான நிலையத்தில் குழந்தையோடு தரையில் உட்கார்ந்திருந்தவர்களின் கோபம் நியாயமானது. ஆனால் விதி வருவது ஏறக்குறைய இரண்டு வருடமாகத் தெரிந்த சேதி. ஆள் எடுத்திருக்க வேண்டும், விதியைத் தளர்த்தியிருக்கக் கூடாது.

இப்போது நானும் கேப்டன். போன மாதம் ரிப்போர்ட்டிங் அறையிலேயே என் கோ-பைலட், இருபத்தைந்து வயதுப் பையன், "சார், இன்னிக்கு நான் ஃபிட் இல்லை, சரியா தூங்கலை" என்றான். சொல்லும்போது முகத்தைப் பார்க்கவில்லை. சரி என்று நானே எங்கள் நிறுவனத்தின் கண்ட்ரோல் ரூமுக்கு போன் செய்தேன். ஏன், எதற்கு என்று இரண்டு பேர் கேட்டார்கள். ஸ்டாண்ட்பை ஆள் வர ஒன்றேகால் மணி நேரமானது. உள்ளே பயணிகள் திட்டிக்கொண்டிருந்தார்கள். பைக்கில் போகாதே என்று சொல்லி, அவனை வண்டி வரவழைத்து வீட்டுக்கு அனுப்பினேன்.